மேசைமேல் ஒரு விளக்கு



அலுவலகத் தளவாடங்களின் பட்டியல் ஒன்றைத் தமிழாக்கும் பணி சில காலத்துக்கு முன்பு என் மேசைக்கு வந்தது. நாற்காலி, அலமாரி, மின்விசிறி என்று தடையின்றிச் சென்றுகொண்டிருந்த என் பேனா, ‘அலங்கார மேசை விளக்கு, மறைப்புடன்’ என்னும் பொருள்படும் ஒரு வரியில் வந்து நின்றுவிட்டது. விளக்குக்குச் சொல் உண்டு, மேசைக்கும் உண்டு. அந்த விளக்கின் தலைமேல் தொப்பிபோல் கவிந்திருக்கும் உறுப்புக்கு நம் வீடுகளில் வழங்கும் பெயர் என்ன? ‘மறைப்பு’ என்று எழுதினால் திரைச்சீலைபோல் தோன்றுகிறது. ‘கவிகை’ என்றால் அரசர் வெண்கொற்றக் குடையுடன் எழுந்து வந்துவிடுகிறார். முடிவில் ‘விளக்குக் குடை’ என்று எழுதிக் கொடுத்தேன். மேலதிகாரி அதை அடிக்கவும் இல்லை, பாராட்டவும் இல்லை.

அன்று எழுந்த ஐயம் என்னை விடவில்லை. விளக்குக்கு இத்தனை பெயர் வைத்த தமிழ், அகல் என்றும் குத்துவிளக்கு என்றும் தூண்டாமணி விளக்கு என்றும் பாவை விளக்கு என்றும் நந்தா விளக்கு என்றும் வகைவகையாகச் சொன்ன தமிழ், விளக்கின் குடைக்கு மட்டும் ஏன் பெயர் வைக்கவில்லை? விடை மிக எளியது. நம் விளக்குக்குக் குடை தேவைப்படவில்லை. எண்ணெயில் ஊறிய பஞ்சுத் திரி தரும் சுடர் கண்ணைக் கூசச் செய்வதில்லை. கூசாத ஒளியை மறைப்பானேன்? மேலும், நம் விளக்கு தரையில் நின்றது. நாமும் தரையில் அமர்ந்தோம். மேசையும் நாற்காலியும் வந்த பிறகே மேசை விளக்கு வர இயலும். ஆதலால் மேசை விளக்கின் வரலாறு என்பது ஒருபாதி ஒளியின் வரலாறு, மறுபாதி மனிதன் உட்காரும் முறையின் வரலாறு என்று எனக்குத் தோன்றுகிறது.

எனினும் அலங்கார விளக்கு நமக்குப் புதிதன்று. சங்க நூலாகிய நெடுநல்வாடையில், நக்கீரர் ஒரே பாட்டில் இருவகை விளக்குகளைக் காட்டுகிறார். மழைக்கால மாலையில் மகளிர் ஏற்றுவது இரும்பினால் செய்த எளிய விளக்கு. அரசியின் அரண்மனையில் எரிவதோ, யவனர் செய்த பாவை ஒன்று தன் கையில் ஏந்திய அகல். கவனிக்க வேண்டியது இதுதான்: தமிழ் இலக்கியத்தில் நாம் காணும் மிகப் பழைய அலங்கார விளக்குகளுள் ஒன்று, கடல்கடந்து வந்த கைவினைஞரின் வேலைப்பாடு! அயல்நாட்டு விளக்கை வரவேற்பறையில் வைத்துப் பெருமைப்படுவது நேற்றுத் தோன்றிய வழக்கமன்று என்பதை இதனால் அறிகிறோம்.

கோயில்களில் விளக்கு வேறொரு பொருள் பெற்றது. அங்கே அழகைவிட அணையாமை பெரிது. சோழர் காலக் கல்வெட்டுக்களில் ஒரு நந்தா விளக்குக்குத் தொண்ணூறு ஆடு அல்லது தொண்ணூற்றாறு ஆடு என்று கொடை எழுதியிருப்பதைப் பரக்கக் காணலாம். அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். அந்த ஆடுகளுக்குச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். ஆடு சாகாதா, மூப்படையாதா என்று கேட்கலாம். செத்தவற்றுக்கு ஈடாகக் குட்டிகள் வளர்ந்து எண்ணிக்கை குறையாதிருக்கும். கணக்கில் அவை என்றும் தொண்ணூற்றாறே. கணக்கெழுதும் துறையில் இருப்பவர்கள் இந்தச் சொல்லை எண்ணி மகிழலாம்.

எங்கள் பக்கத்துக்கே வருகிறேன். திருப்பதியை அடுத்த திருச்சானூரில் ஒன்பதாம் நூற்றாண்டுப் பல்லவர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டு உண்டு. அது கூறுவதும் விளக்கெரிக்க வைத்த கொடையைத்தான். திருமலை திருப்பதிக் கல்வெட்டுக்களில் மிகப் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை என்பதை, அவற்றைத் தேவஸ்தானம் 1931 முதல் தொகுதி தொகுதியாக வெளியிட்டதனால் யாவரும் அறிந்துகொள்ள முடிந்தது. ஆக, எங்கள் நாட்டில் தமிழ் எழுத்தும் விளக்கும் நெடுங்காலமாகவே உடன்வந்தவை.

எங்கள் நாடு என்றேன். விஜயபுரம் சித்தூர் மாவட்டத்தில், நகரிக்கு அணித்தாகத் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிக் கிடக்கும் பகுதி. இந்த மாவட்டம் 1911இல் வடஆர்க்காட்டிலிருந்து பிரிக்கப்பட்ட நிலங்களைக் கொண்டு அமைந்தது. 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தது. 1960இல் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி சென்னை மாநிலத்துக்குச் சென்றது. நாங்கள் இப்பக்கம் நின்றோம். 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. வீட்டை விட்டு நகராமலே வெளிமாநிலத் தமிழரானவர்கள் நாங்கள். வேலையின் பொருட்டு ஊர்விட்டுச் சென்று வெளிமாநிலத் தமிழரான உங்களுக்கு எங்கள் நிலை வியப்பளிக்காது என்று நம்புகிறேன்.

எங்கள் வீட்டில் இரண்டு விளக்குகள் இருந்தன. ஒன்று, பாட்டியுடன் சீராக வந்த நாச்சியார்கோயில் குத்துவிளக்கு. மற்றது, தாத்தா வாங்கிய மண்ணெண்ணெய் மேசை விளக்கு. அவர் அதைக் ‘கிருஷ்ணாயில் லாம்பு’ என்பார். இந்த இரண்டைப் பற்றியும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இவற்றின்மேல்தான் எங்கள் வீட்டில் ஒரு வழக்கு நடந்தது.

நாச்சியார்கோயில் கும்பகோணத்தை அடுத்த ஊர். அவ்வூர்க் குத்துவிளக்குக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. காவிரிப் படுகையின் நுண்ணிய வண்டல் மண் வார்ப்பு அச்சுக்கு மிகவும் ஏற்றது என்பது அங்குள்ள கம்மாளர் கண்டறிந்த உண்மை. அடிப்பாகம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சியில் அன்னம் அல்லது பிரபை என்று ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனியே வார்த்து, கடைந்து, மெருகிட்டு, பின்பு திருகிப் பொருத்துவார்கள். ஆகையால் விளக்கைக் கழற்றித் துலக்கவும், சாக்கில் கட்டி ஊர்விட்டு ஊர் எடுத்துச் செல்லவும் இயலும். குடிபெயர்வோருக்கென்றே செய்தாற்போன்ற அமைப்பு! தட்டில் ஐந்து முகம். குடை இல்லை, ஒளி நான்கு புறமும் தடையின்றிப் பரவும். படிப்பதற்கான விளக்கன்று அது.

படிப்பதற்கான விளக்கு மேனாட்டிலும் வெகுகாலம் இல்லை. ஜெனீவாவைச் சேர்ந்த ஆர்கண்டு என்பவர் 1780ஆம் ஆண்டளவில் ஒரு புதுமை செய்தார். நாடாபோன்ற திரியைக் குழாய்போல் வளைத்து, அதன் நடுவே காற்று மேலேறும்படி அமைத்து, சுற்றிலும் கண்ணாடிக் குழல் ஒன்றை நிறுத்தினார். சுடர் உள்ளும் புறமும் காற்றுப் பெற்றுப் புகையின்றி எரிந்தது. பல மெழுகுவத்திகள் சேர்ந்து தரும் ஒளியை ஒரு விளக்கே தந்தது. அத்துடன் கண்கூச்சமும் வந்தது! உடனே துணியாலும் தாளாலும் தகரத்தாலும் குடைகள் தோன்றின. குடை வந்ததும், அதில் பூவும் கொடியும் எழுதாமல் மனிதனால் இருக்க முடியுமா? நாம் இன்று அலங்கார மேசை விளக்கு என்று சொல்வதன் குலமுதல்வர் இந்த ஆர்கண்டு விளக்குத்தான்.

1853இல் லுகாசியேவிச் என்னும் போலந்து மருந்தாளர், நிலத்தெண்ணெயிலிருந்து வடித்த எண்ணெயால் எரியும் விளக்கை அமைத்தார். அமெரிக்காவில் 1859இல் எண்ணெய்க் கிணறு தோண்டப்பட்ட பிறகு மண்ணெண்ணெய் மலிந்தது. உலகெங்கும் மேசை விளக்கு ஏழை வீடுவரை இறங்கியது. எண்ணெய்ப் புட்டியைக் கண்ணாடியிலும் பீங்கானிலும் செய்து, வெண்கலக் காலின்மேல் நிறுத்தி, பாற்கண்ணாடிக் குடையில் ரோஜாப்பூ எழுதி ஜெர்மனியும் இங்கிலாந்தும் நாடுதோறும் அனுப்பின. இரட்டைத் திரி வைத்த விளக்குகளும் வந்தன. நம்மூர்ச் செட்டிநாட்டு மாளிகைகளிலும் ஜமீன் வீடுகளிலும் இவ்வகைப் பூவேலைக் கண்ணாடிகள் எஞ்சியிருப்பதைப் பலர் பார்த்திருக்கலாம். நடுத்தரக் குடும்பங்களுக்கு வந்தவை பூவில்லாத எளிய பிரதிகள்.

இந்த இடத்தில் குமரி மாவட்டத்துக்கு ஒரு நடை போய்வர வேண்டும். ஆஸ்திரிய விஞ்ஞானி வெல்ஸ்பாக் 1885இல் விளக்குகளுக்கு ஒரு வலை கண்டுபிடித்தார். பெட்ரோமாக்ஸில் நாம் பார்த்த அதே வெள்ளை வலை. பின்பு அதனைத் திருத்தி, நூற்றில் தொண்ணூற்றொன்பது பங்கு தோரியமும் ஒரு பங்கு சீரியமும் சேர்த்தபோது அது பளீரென்று ஒளிர்ந்தது. தோரியத்துக்கு எங்கே போவது? நம் பக்கத்துக் கயிற்றில் ஒட்டிவந்த மணலைக் கண்டு, ஷோம்பர்க் என்னும் ஜெர்மானியர் 1909இல் மணவாளக்குறிச்சிக் கடற்கரையை அடைந்தார் என்று சொல்வார்கள். அங்குள்ள மோனசைட் மணல் ஐரோப்பிய நகரங்களின் விளக்குகளுக்குச் சென்றது. அந்நாளில் அது திருவிதாங்கூர்ச் சமஸ்தானம். 1956இல்தான் தமிழகத்தோடு சேர்ந்தது. பெர்லின் வரவேற்பறையில் பூக்குடைக்குக் கீழே ஒளிர்ந்த வலையில் நம் கடற்கரை மணலும் கலந்திருந்தது என்றெண்ணும்போது, யவனப் பாவைக்கு நாம் மறுமொய் எழுதிவிட்டோம் என்று எனக்கு ஓர் ஆறுதல்.

மின்சாரம் வந்ததும் அலங்காரத்துக்குக் கட்டுப்பாடே இல்லாமற்போயிற்று. திரி நேராக நிற்க வேண்டியதில்லை. விளக்கைக் கவிழ்த்தும் வைக்கலாம். நியூயார்க்கில் டிஃபனி என்பவரின் தொழிற்கூடம், வண்ணக் கண்ணாடித் துண்டுகளை ஈயத்தாலும் செம்புத் தகட்டாலும் இணைத்து, தும்பியும் தாமரையும் தொங்கும் மலர்க்கொடிகளுமாகக் குடைகள் செய்தது. அந்தக் கொடிக் குடை ஒன்றுக்கே ஏறத்தாழ இரண்டாயிரம் கண்ணாடித் துண்டுகள். நெடுங்காலம் எல்லாம் டிஃபனியின் கற்பனை என்றே உலகம் நம்பியது. 2005இல் ஒரு பெண்மணியின் கடிதக் கட்டுக்கள் வெளிப்பட்டன. அவர் பெயர் கிளாரா டிரிஸ்கால். கண்ணாடி வெட்டும் பெண்கள் பிரிவின் தலைவி. பெயர்பெற்ற விளக்குகள் பலவற்றை வகுத்தவர் அவரே என்பது அக்கடிதங்களால் புலனாயிற்று. அந்தக் கூடத்தில் மணமான பெண்கள் வேலையில் நீடிக்க முடியாது என்றும் விதி இருந்ததாம். மொழிபெயர்ப்பாளர் பெயரை அச்சிட மறக்கும் பதிப்பாளர்கள் சிலர் என் நினைவுக்கு வந்தனர். அது நிற்க.

டிஃபனியின் பூக்கள் முதல் உலகப் போருக்குப் பின் மவுசு குறைந்தன. 1924இல் ஜெர்மனியின் பௌஹௌஸ் கலைக்கூடத்தில் வாகன்ஃபெல்டும் யுக்கரும் செய்த மேசை விளக்கில் பூ இல்லை, கொடி இல்லை. கண்ணாடி வட்டம், கண்ணாடித் தண்டு, அரைக்கோளமாகப் பாற்கண்ணாடி, அவ்வளவே. இயந்திரம் செய்தாற்போல் மலிவாகத் தோன்றிய அது, உண்மையில் கையால் செய்த விலையுயர்ந்த பொருள். வணிகர்கள் நகைத்தார்கள் என்று வாகன்ஃபெல்டே பின்னாளில் சொன்னார். இங்கிலாந்தில் கார்வர்டைன் என்னும் பொறியாளர் 1932இல் சுருள்வில் பொருத்திய கைவிளக்குக்கு உரிமை பெற்றார். வண்டிகளின் வில்லமைப்பில் பழகியவர் அவர். முழங்கை மடங்குவதுபோல் மடங்கி, விட்ட இடத்தில் நிற்கும் அந்த விளக்கின் வழித்தோன்றல்களையே இன்று மாணவர் மேசைகளில் காண்கிறோம். ஜப்பானில் நொகுச்சி 1951 முதல் தாள்கூண்டு விளக்குகளைச் செய்தார். கிஃபு ஊரில் பரம்பரையாகத் தாள்கூண்டு செய்துவந்தவர்களுக்கு அதனால் புதிய வேலை கிடைத்தது.

அதற்கு ஒப்பான செய்தி நம் ஆந்திரத்திலேயே உண்டு. இப்பேச்சில் நான் முதன்மையாகச் சொல்ல விரும்பியதும் அதுவே. தர்மாவரத்தை அடுத்து நிம்மலகுண்டா என்றொரு சிற்றூர். தோற்பாவைக் கூத்தர்களின் ஊர். ஆட்டுத்தோலைப் பதப்படுத்தி, ஒளி ஊடுருவும்படி மெல்லியதாக்கி, உருவம் வரைந்து, சிற்றுளியால் நுண்ணிய துளைகளிட்டு, வண்ணம் தீட்டுவார்கள். வெண்திரைக்குப் பின்னே விளக்கேற்றினால் இராமனும் அனுமனும் நகையொளியோடு திரையில் வந்து நிற்பார்கள். இக்கூத்தர்கள் மராத்தியர் வழிவந்தவர்கள். வீட்டில் அம்மொழியின் ஒரு வழக்கைப் பேசி, ஊரார்முன் தெலுங்கில் இராமாயணம் பாடுபவர்கள். தமிழ்நாட்டுத் தோற்பாவைக் கூத்தர்களும் மராத்தியை வீட்டு மொழியாகக் கொண்டவர்களே. வீட்டில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி என்னும் வாழ்க்கையை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை அல்லவா?

சினிமாவும் பின்னர்த் தொலைக்காட்சியும் வந்தன. இரவெல்லாம் கூத்துப் பார்க்க ஆளில்லை. பாவைகளைப் பெட்டியில் பூட்டிய கைகள் என்ன செய்வது? அதே தோல், அதே உளி, அதே வண்ணம் கொண்டு விளக்குக் குடைகள் செய்யத் தொடங்கினர். முன்பு விளக்குக்கு முன்னால் நின்ற பாவை, இப்போது விளக்கைச் சுற்றிக்கொண்டது. ஆந்திரத் தோற்பாவைக் கலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அவ்வூரைச் சேர்ந்த தளவாய் சலபதி ராவ் அவர்களுக்கு 2020இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

இதனை வீழ்ச்சி என்று வருந்துவோர் உண்டு. அனுமன் பேசாமல், பாடாமல், நகர மாட்டாமல் யார்வீட்டுச் சோபாவுக்கருகிலோ நிற்கிறானே என்பது அவர்கள் வருத்தம். எனக்கும் அந்த வருத்தம் பாதி உண்டு. ஆயினும் உளி பிடிக்கும் கை அறுந்துபோகவில்லை; கை இருந்தால் பாவையை மீண்டும் ஆட்டலாம். கை போனபின் பாவை அருங்காட்சியகத்துக்குத்தான். ஒரு செய்முறைக் குறிப்பும் உண்டு. இழைப் பல்பின் சூட்டில் தோல் சுருங்கி வளையும். சூடு குறைந்த எல்.இ.டி. விளக்கு வந்தபின் அத்தொல்லை பெரிதும் தீர்ந்தது. நேயர்களில் எவரேனும் அக்குடையை வாங்கினால் பழைய பல்பைப் போட்டுவிட வேண்டாம்.

இனி எங்கள் வீட்டு வழக்கு. என் தம்பி புனேயில் வேலை பார்ப்பவன். சென்ற தீபாவளிக்கு விஜயபுரம் வந்தபோது, கடையில் எங்கோ பார்த்ததாகச் சொல்லி, பாட்டியின் குத்துவிளக்கின் தண்டைத் துளைத்து, உள்ளே கம்பி விட்டு, அன்னத்தைக் கழற்றி அவ்விடத்தில் பல்பு பொருத்தி, மேலே களம்காரிக் குடை கவிக்கப்போவதாக அறிவித்தான். “நம் காளஹஸ்திக் களம்காரிதான் அக்கா, எவ்வளவு பொருத்தம்!” என்றான். நான் ஆட்சேபித்தேன். பொருளில்லாத அடம் என்று அவன் சொன்னான். நிம்மலகுண்டாவில் பாவை விளக்காகலாம், நம் வீட்டில் விளக்கு விளக்காகக் கூடாதா என்று என் வாயையே அடைத்தான். எனக்கு உடனே பதில் வரவில்லை. தோலைத் துளைப்பது அந்தத் தொழிலின் உயிர், வார்ப்பைத் துளைப்பது இந்தத் தொழிலின் சாவு என்பது, மறுநாள் பல் துலக்கும்போதுதான் எனக்குத் தோன்றியது.

அம்மா அதுவரை பேசவில்லை. பிறகு பரணிலிருந்து தாத்தாவின் மேசை விளக்கை இறக்கித் தம்பி முன் வைத்தாள். பச்சைக் கண்ணாடிப் புட்டி, துருப்பிடித்த திருகு, குடையில் விளிம்பு உடைந்த வெள்ளைக் கண்ணாடி.

“இதை எடுத்துப் போடா. இதுக்கு ஓட்டை போட வேண்டாம்.”

அவள் சொன்னது சரி. திரி செருகும் தலைப்பாகத்தைத் திருகி எடுத்துவிட்டு, அதே மரையில் பல்பு தாங்கியைப் பொருத்திவிடலாம்; வேண்டியபோது கழற்றினால் பழையபடி மண்ணெண்ணெய் விளக்காகும். ஆனால் அந்த விளக்கைக் கண்டதும் நானும் தம்பியும் ஒரு நாழிகை பேசவில்லை. எங்கள் பள்ளியில் பாடங்கள் தெலுங்கில் நடந்தன. தமிழ் எழுத்தைக் கற்றது தாத்தாவிடம், இரவு உணவுக்குப் பின், மின்சாரம் நின்றுபோன வேளைகளில். மின்சாரம் இருந்தால் நாங்கள் விளையாடப் போய்விடுவோம் என்று அவருக்குத் தெரியும். ஆதலால் இருட்டை அவர் வரவேற்றார். குடையின் கீழே ஒரு சாண் வட்டத்தில் மட்டும் வெளிச்சம் விழும். சிலேட்டு ஒன்றுதான் அதில் அடங்கும். ‘ழ’கரத்தைத் தம்பி இடமிருந்து வலமாகச் சுழிக்காமல் தலைகீழாகச் சுழிப்பான், தாத்தா திரியைச் சற்று ஏற்றுவார், கோபம் அவ்வளவே.

குத்துவிளக்கு விஜயபுரத்திலேயே நின்றது. மேசை விளக்கு துணி சுற்றிய பெட்டியில் புனேக்குப் புறப்பட்டது. இரண்டு வாரம் கழித்துத் தம்பி தொலைபேசியில் அம்மாவை அழைத்தான். பல்பு எரிகிறது என்றும், குடையின் உடைந்த விளிம்பைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருப்பதாகவும், தன் மகள் அதன்கீழ் உட்கார்ந்து ஏதோ வரைவதாகவும் சொன்னான். என்ன வரைகிறாள் என்று நான் கேட்பதற்குள் அம்மா குறுக்கிட்டாள்.

“சிம்னியை ஈரத்துணியால தொடைக்காதடா. ஆறினப்புறம் சாம்பல் போட்டுத் தொடை.”

“இதுல புகையே வராதும்மா,” என்றான் அவன்.

“வராட்டா என்ன, தொடை,” என்றாள் அம்மா.